விழுக்காட்டுக்கு விலை: லாச்சப்பல் பியர்க் கணக்கின் பிழை

பாரிஸ் மாநகரின் பத்தாம் வட்டாரத்தில் தொடங்கிப் பதினெட்டாம் வட்டாரத்துக்குள் நீளும் ரூ பிலிப்-து-ஜிராரிலும் அதைச் சூழ்ந்த லாச்சப்பல் தெருக்களிலும் ஈழத்தமிழர் கடைகள் பெருகத் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. இக்காலத்தில் பியர் வாங்கும் தமிழரிடையே வேரூன்றிவிட்ட கருத்து ஒன்று உண்டு. சிறிய ஆலைகளில் சிறிய அளவில் தயாராகும் கைவினை பியருக்கு, 33 சென்ரிலீற்றர் மட்டுமே கொள்ளும் ஒரு போத்தலுக்கு, நான்கு அல்லது ஐந்து யூரோ கொடுப்பது காசைக் கரியாக்கும் வேலை என்பதே அது. எவரும் எதிர்த்துக் கேட்காத உண்மையாக இக்கருத்துப் புழங்குவதால், அது நிற்கும் தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டியுள்ளது.

அக்கருத்தை அதன் வலிமை குன்றாமல் முதலில் எடுத்துரைப்பதே முறை. அரை லீற்றர் கொள்ளும், 8.6 விழுக்காடு மதுசாரம் உள்ள ஒரு ரின் பியர் ஏறத்தாழ இரண்டு யூரோவுக்குக் கிடைக்கிறது. அதில் 43 மில்லிலீற்றர் தூய மதுசாரம் இருக்கிறது. 6 விழுக்காடு மதுசாரம் உள்ள ஐந்து யூரோக் கைவினைப் போத்தலில் இருப்பதோ ஏறத்தாழ 20 மில்லிலீற்றர் மட்டுமே. முன்னதில் ஒரு மில்லிலீற்றர் மதுசாரத்தின் விலை ஐந்து சதத்துக்கும் குறைவு, பின்னதில் 25 சதம். ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட இந்த இடைவெளிக்குத் துணையாக வேறு சில வாதங்களும் அடுக்கப்படுகின்றன: மூலப்பொருட்களின் பெறுமதி சில சதங்களே, கூலி வேலை செய்பவனுக்கு இது எட்டாத ஆடம்பரம், இலங்கையின் லயன் ஸ்டவுட் மலிவாகவும் சிறப்பாகவும் இருக்கிறது, 'கைவினை' என்ற சொல்லே பெருநிறுவனங்களின் ஏமாற்று, எல்லாவற்றுக்கும் மேலாக இது பிறருடைய நாகரிகம், தமிழருக்கு இதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. இவற்றுள் சில பாதி உண்மைகள். முழுப் பொய்யை விடப் பாதி உண்மையே மறுப்பதற்குக் கடினமானது என்பதால் அவற்றுக்கு விரிவான விடை தேவைப்படுகிறது.

1. கணக்குச் சரி, அளவுகோல் சரியா? மதுசாரத்தின் ஒவ்வொரு மில்லிலீற்றருக்கும் எத்தனை சதம் என்பதே பியரின் பெறுமதியை அளக்கும் கோல் என்று ஒருவர் உண்மையாகவே நம்பினால், அவர் பியர் குடிக்கவே கூடாது. பிரான்சில் வைன் மீதான மதுவரி ஒரு போத்தலுக்கு ஏறத்தாழ மூன்று சதம் என்ற அளவுக்குக் குறைவாக இருப்பதால், மூன்று யூரோவுக்கு விற்கும் 12 விழுக்காட்டு வைன் போத்தல் ஒன்றில் 90 மில்லிலீற்றர் மதுசாரம் கிடைக்கிறது. அதாவது மில்லிலீற்றருக்கு மூன்று சதத்துக்குச் சற்று மேல். இரண்டு யூரோ ரின் இந்தப் போட்டியில் தோற்றுப்போகிறது. இருந்தும் அக்கணக்கைச் சொல்பவர்கள் மலிவு வைனுக்கு மாறிவிடுவதில்லை. அவர்கள் பியரைத் தேர்வது அதன் குளிர்ச்சிக்காகவும் கசப்புக்காகவும் நுரைக்காகவும் தொண்டையில் இறங்கும்போது அது தரும் நிறைவுக்காகவும்தான். ஆகவே சுவை என்ற அளவுகோல் அவர்களிடமே ஏற்கெனவே இருக்கிறது; விலை பற்றிய பேச்சு எழும்போது மட்டும் அது மறைத்து வைக்கப்படுகிறது.

அதே தெருவில், அதே மனிதர்கள், வேறொரு பொருளை வாங்கும்போது இந்தக் கணக்கு எங்கே போகிறது? பனையோலையால் இழைத்த சிறு குட்டான்களில் அடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பனங்கட்டியின் விலையைக் கிலோ கணக்கில் பார்த்தால், அது பிரெஞ்சுச் சீனியின் விலையைப் போலப் பல மடங்கு. இனிப்பின் அளவை மட்டும் பார்த்தால் சீனியே வெல்லும். ஆனால் குட்டானைப் பிரித்து, கறுத்த கட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்து, புகையும் உப்பும் கலந்த அந்த மணத்தை நாவில் உணர்பவர் எவரும் ஒரு கிராம் இனிப்புக்கு எத்தனை சதம் என்று கேட்பதில்லை. மரமேறியவரின் உழைப்புக்கும், பதநீரைக் காய்ச்சியவரின் பக்குவத்துக்கும், ஓலை இழைத்த கைகளுக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். பனங்கட்டிக்குப் பொருந்தும் இந்த அறிவு பியருக்கு மட்டும் ஏன் பொருந்தாது என்பதற்கு அக்கருத்துடையோர் இதுவரை காரணம் காட்டவில்லை.

2. 'தானியமும் தண்ணீரும்தானே' என்ற வாதம் பொருளின் விலையையும் உழைப்பின் விலையையும் ஒன்றாகக் குழப்புகிறது. பியர் நான்கு பொருட்களால் ஆனது: தண்ணீர், முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையாகிய மோல்ட், கசப்பையும் மணத்தையும் தரும் ஹொப்ஸ் என்ற கொடியின் பூக்கள், சீனியை மதுசாரமாக மாற்றும் மதுவம், அதாவது ஈஸ்ட். சாதாரண வலிமையுள்ள பியர் நூறு லீற்றருக்கு ஏறத்தாழ இருபது கிலோ மோல்ட் போதுமாகையால், ஒரு சிறு போத்தலுக்குரிய தானியத்தின் விலை சில சதங்களைத் தாண்டுவதில்லை. இதை மறுக்க வேண்டிய தேவையே இல்லை. ஹொப்ஸ் சற்று வேறுபட்டது. பேராலைகளின் வெளிர்நிற லாகர் பியருக்கு லீற்றருக்கு ஓரிரு கிராம் ஹொப்ஸ் போதும். மணம் மிகுந்த ஐபிஏ என்ற பியர் வகைகளுக்கோ, குளிர்ந்த பியரில் ஹொப்ஸை நேரடியாக ஊறவைக்கும் முறையால், லீற்றருக்குப் பத்துக் கிராமும் அதற்கு மேலும் செலவாகிறது. அப்படியும் வித்தியாசம் போத்தலுக்கு ஒரு சில சதங்கள் முதல் இருபது சதம் வரையே.

விலை வேறுபாட்டுக்கு வரியும் காரணமன்று. பிரான்ஸ் அரசு 2013 ஜனவரியில் பியர் மீதான மதுவரியை ஏறத்தாழ 160 விழுக்காடு உயர்த்தியபோது விலையேற்றம் முழுவதற்கும் அதையே பழி சொன்னவர்கள் பலர். அந்த ஆண்டின் வீதப்படி சிறு ஆலைகள் நூறு லீற்றருக்கு, மதுசாரத்தின் ஒவ்வொரு பாகைக்கும் (அதாவது விழுக்காட்டுக்கும்), 3.60 யூரோ செலுத்தின. 6 பாகைச் சிறு போத்தலுக்கு அது ஏழு சதம். பேராலைகள் செலுத்தியது அதன் இரு மடங்கு. சிறு ஆலைகளுக்கான இந்தச் சலுகை 1992ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறை அனுமதித்த ஒன்று. உண்மையில் கனமான பங்கு பெறுமதி சேர் வரிக்கே போகிறது: 20 விழுக்காடு என்ற வீதத்தில் ஐந்து யூரோப் போத்தலுக்குள் 83 சதம் அந்த வரி.

அப்படியானால் மிகுதி எங்கே போகிறது? ஆயிரம் லீற்றர் கொள்ளும் பாத்திரத்தில் ஒருமுறை காய்ச்சினால், அடிமண்டியாகவும் குழாய்களிலும் இழக்கப்படுவது போக, மூவாயிரத்துக்கும் குறைவான சிறு போத்தல்களே தேறும். மோல்ட்டை அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, ஹொப்ஸ் சேர்த்துக் கொதிக்க வைத்து, குளிரவைத்து, மதுவம் கலந்து, பிறகு எல்லாப் பாத்திரங்களையும் கழுவித் தொற்றுநீக்கும் வேலை ஒரு முழு நாளை விழுங்குகிறது. ஐம்பதாயிரம் லீற்றர் காய்ச்சும் பேராலையில் கணினியின் முன் அமர்ந்து இதைக் கண்காணிப்பவருக்கும் ஏறத்தாழ அதே மணித்தியாலங்கள்தான் தேவைப்படும். ஒரே மனித நாள் ஓரிடத்தில் மூவாயிரம் போத்தல்களுக்கும் இன்னோரிடத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட போத்தல்களுக்கும் பங்கிடப்படுகிறது என்பதே விலை வேறுபாட்டின் மையம். இதனுடன் பல வாரங்கள் குளிர்தொட்டியில் கிடக்கும் காலம், சிறு எண்ணிக்கையில் வாங்குவதால் கூடும் போத்தல், மூடி, சுட்டி ஆகியவற்றின் விலை, பாரிஸ் நகர வாடகை, கடைக்காரரின் பங்கு என்பன சேரும்போது, ஐந்து யூரோவில் கொள்ளை லாபத்துக்கு இடமே இல்லை.

இவ்விடத்தில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவின் பெயருக்குரியவரை நினைப்பது பொருத்தம். ஆளிநாரை இயந்திரத்தால் நூற்பதற்கு வழி காண்பவருக்குப் பத்து லட்சம் பிராங்க் பரிசு தருவதாக நெப்போலியன் 1810இல் அறிவித்தார். பிலிப் து ஜிரார் அந்த இயந்திரத்தை உருவாக்கிக் காட்டினார், ஆனால் பரிசு அவர் கைக்கு வரவே இல்லை. கடனாளியாகி ஒஸ்ரியாவுக்கும் பின்னர் போலந்துக்கும் சென்று உழைத்தார். பெருந்தொகை உற்பத்தி விலையைக் குறைப்பது உண்மையான சாதனை என்பதை அவருடைய இயந்திரம் நிறுவியது. பேராலைப் பியர் மலிவாக இருப்பதும் அவ்வகைச் சாதனையே. அதை ஒப்புக்கொள்வதால் சிறு உற்பத்தியாளர் அதே விலைக்கு விற்க வேண்டும் என்ற முடிவு கிடைத்துவிடாது.

3. ஏழையின் பெயரால் பேசப்படும் வாதமே எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2024 நவம்பரில் பிரான்சின் குறைந்தபட்ச ஊதியம், பிடித்தங்களுக்கு முன், மணிக்கு 11.88 யூரோ. உணவகச் சமையற்கட்டில் கோப்பை கழுவும் ஒருவருக்கு ஐந்து யூரோ என்பது, பிடித்தங்கள் போகக் கைக்கு வரும் ஊதியத்தில், அரைமணி நேரத்துக்கு மேற்பட்ட நின்ற கால் உழைப்பு. இந்த உண்மையைச் சிறுமைப்படுத்தும் எந்த வாதமும் நேர்மையற்றது. எனினும் இதிலிருந்து 'ஆகவே அவருக்குரியது இரண்டு யூரோ ரின்' என்ற முடிவுக்குப் பாய்பவர்கள், அந்த ரின் அவருடைய உடலுக்கு என்ன செய்கிறது என்ற கணக்கை ஏன் தொடுவதில்லை?

பிரான்சின் பொதுச் சுகாதார நிறுவனம் பத்துக் கிராம் தூய மதுசாரத்தை ஓர் அலகாகக் கொண்டு, வாரத்துக்குப் பத்து அலகு, ஒரு நாளைக்கு இரண்டு அலகு என்ற எல்லைகளைத் தாண்ட வேண்டாம் என்றும், குடிக்காத நாட்களும் வாரத்தில் இருக்க வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. 8.6 விழுக்காட்டு அரை லீற்றர் ரின் ஒன்றில் இருப்பது 34 கிராம், அதாவது ஏறத்தாழ மூன்றரை அலகு. முதல் ரின் முடியும் முன்னரே அன்றைய எல்லை கடந்துவிடுகிறது. நாளுக்கு இரண்டு ரின் என்று வைத்தால் வாரச் செலவு 28 யூரோ, உடலுக்குள் சென்றது 48 அலகு. அதே 28 யூரோவுக்கு ஐந்து யூரோப் போத்தல்கள் ஐந்து வாங்கினால் மூன்று யூரோ மிஞ்சும்; உள்ளே செல்வது எட்டு அலகு. பணம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. மலிவு என்று சொல்லப்படுவது பணப்பையை மிச்சப்படுத்தவே இல்லை. ஈரலின் மேல் சுமையை ஆறு மடங்காக்குவதை மட்டுமே செய்திருக்கிறது. குறைவாகக் குடிப்பவருக்குக் கைவினைப் போத்தல் செலவு மிகுந்ததன்று. கூடுதலாகக் குடிக்கும் பழக்கத்தை மாற்ற முடியாத நிலையாகக் கொண்டால்தான் அது எட்டாத விலையாகத் தெரியும். அந்தப் பழக்கத்தை ஏழையின் இயல்பு என்று வைத்துப் பேசுவதே அவருக்குச் செய்யும் அவமதிப்பு.

விலைக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பு வெறும் ஊகமாக இருந்த காலம் போய்விட்டது. ஸ்கொட்லாந்து 2018 மே மாதத்தில், பத்து மில்லிலீற்றர் தூய மதுசாரத்துக்கு ஐம்பது பென்ஸ் என்ற கீழெல்லை விலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மதுவையே முழுக் காரணமாகக் கொண்ட மரணங்கள், அச்சட்டம் இல்லாதிருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய அளவை விட 13.4 விழுக்காடு குறைந்ததாக 2023இல் வெளியான ஆய்வு கணித்தது. அக்குறைவு வறிய பகுதிகளில் வாழ்வோரிடையே தெளிவாகத் தெரிந்தது. 2024 செப்ரெம்பர் இறுதியில் அந்தக் கீழெல்லை 65 பென்ஸாக உயர்ந்தது. அதன்படி மேற்சொன்ன ரின்னை அங்கே 2.80 பவுண்டுக்குக் குறைவாக விற்க முடியாது. ஐந்து யூரோக் கைவினைப் போத்தலையோ அச்சட்டம் தொடக்கூட இல்லை. எந்த விலை ஏழைக்குக் கேடு, எந்த விலை கேடில்லை என்பதை அந்நாட்டின் அனுபவம் காட்டிவிட்டது.

கார் து நோர் நிலையத்தின் ரயில் பாதைகளுக்கு அப்பால், ரூ பிலிப்-து-ஜிராரிலிருந்து சில நிமிட நடையில், கூத் தோர் பகுதி இருக்கிறது. எமில் சோலா 1877இல் நூலாக வெளியிட்ட 'லசொம்முவார்' என்ற நாவல், மலிவுச் சாராயத்தால் ஒரு தொழிலாளர் குடும்பம் சிதைந்ததை அந்தத் தெருக்களில்தான் நிறுத்திக் காட்டியது. மலிவு மது உழைப்பாளியின் தோழன் என்ற நம்பிக்கையின் வரலாற்றை அறிய லாச்சப்பல்காரர் வெகுதூரம் போகத் தேவையில்லை.

4. லயன் ஸ்டவுட் வாதத்துக்கு மரியாதையுடன் விடை சொல்ல வேண்டும், ஏனெனில் அதுவே எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த வாதம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் தொடங்கி வைத்த பியர் மரபிலிருந்து வரும் இந்தக் கறுப்பு பியர், 8.8 விழுக்காடு மதுசாரமும், வறுத்த கோப்பியையும் கறுப்புச் சொக்கிளேற்றையும் ஒத்த சுவையும் கொண்டது. பிரித்தானிய பியர் எழுத்தாளர் மைக்கல் ஜாக்சன் (1942–2007) இதனை உலகின் தேர்ந்த ஸ்டவுட் வகைகளுள் ஒன்றாக எழுதி மேற்குலகுக்கு அறிமுகப்படுத்தினார். மலிவான பியர் சிறந்த பியராகவும் இருக்க முடியும் என்பதற்கு இதை விடச் சான்று தேவையில்லை.

ஆனால் அது எதை நிறுவுகிறது? பியகமவில் இயங்கும் பாரிய ஆலை, இலங்கைச் சம்பள வீதம், நீண்டகாலமாக நிலைபெற்ற சந்தை ஆகிய மூன்றும் ஒருங்கே இருந்தால் அவ்விலை சாத்தியம் என்பதை மட்டுமே. பாரிஸில் பிரெஞ்சு ஊதியமும் சமூகப் பாதுகாப்புக் கட்டணங்களும் செலுத்தும் ஆலையிடம் அதே விலையைக் கேட்பவர், பியகமத் தொழிலாளியின் சம்பளத்தையே பாரிஸ் தொழிலாளிக்கும் கொடு என்று கேட்கிறார். தம்முடைய மணித்தியாலத்துக்குப் பிரெஞ்சுச் சட்டப்படியான ஊதியத்தை எதிர்பார்க்கும் புலம்பெயர் தொழிலாளிக்கு, பிறருடைய மணித்தியாலத்தைக் கொழும்பு விலையில் கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது? லயன் ஸ்டவுட்டை அதன் சுவைக்காக வாங்குபவர் நல்ல பியரை அறிந்தவர், அதன் 8.8 என்ற எண்ணுக்காக மட்டும் வாங்குபவர் கையில் வைத்திருக்கும் அருமையான பொருளை அறியாமலே விழுங்குகிறார்.

5. 'கைவினை என்பதே ஏமாற்று' என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது, அந்த உண்மை எதிர்த்திசையில் கை காட்டுகிறது. சிக்காகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையை 2011இல் பெருநிறுவனமான ஏபி இன்பெவ் வாங்கியது. 1890இல் பாரிஸில் தோன்றி, இருபதாம் நூற்றாண்டில் மூடப்பட்டு, 2009இல் மீண்டும் உயிர்பெற்று, பாரிஸை ஒட்டிய பொந்தானில் ஆலை அமைத்த கலியா நிறுவனத்தில் மற்றொரு பெருநிறுவனமான ஹைனெகன் 2019இல் சிறுபான்மைப் பங்கையும் 2021இல் பெரும்பான்மைப் பங்கையும் பெற்றது. பெருநிறுவனத்தின் கைக்குப் போன பின்னரும் சுட்டியின் ஓவியமும் விலையும் பழையபடியே இருக்கக்கூடும். சிறு ஆலையின் செலவுக்காகக் கொடுக்கும் விலையைப் பேராலையின் செலவில் தயாரான பொருளுக்குக் கொடுப்பது வீண் என்பதில் ஐயமில்லை. அரிதானது என்ற ஒரே காரணத்துக்காக, மெழுகு பூசிய மூடியுடன், சேகரிப்பாளரைக் குறிவைத்து இருபது யூரோவுக்கு விற்கப்படும் போத்தல்களுக்கும் இக்கட்டுரை வக்காலத்து வாங்கவில்லை. பிரசல்ஸ் நகரில் 1900 முதல் இயங்கும் கான்ரியோன் போன்ற ஆலைகளின் கூஸ் (gueuze) வகை பியர் அவற்றிலிருந்து வேறுபட்டது: மரப்பீப்பாய்களில் ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டுகள் கிடந்த பியர்களைக் கலந்து போத்தலில் அடைப்பதால், அதன் விலையில் பெரும்பங்கு காலத்தின் விலை.

போலி இருக்கிறது என்பதால் அசலையும் தள்ளிவிடலாமா? பிரெஞ்சு வரிச் சட்டம் 'சுயாதீனச் சிற்றாலை' என்பதைத் தெளிவாக வரையறுக்கிறது: ஆண்டுக்கு இரண்டு லட்சம் ஹெக்டோலீற்றருக்கு (ஒரு ஹெக்டோலீற்றர் நூறு லீற்றர்) மேற்படாத உற்பத்தி, வேறெந்த ஆலையையும் சட்ட வழியிலோ பொருளாதார வழியிலோ சார்ந்திராமை, பிறருடைய உரிமத்தின் கீழ் தயாரிக்காமை. ஒரு போத்தலைக் கையில் எடுத்து, எங்கே காய்ச்சப்பட்டது, யாருக்குச் சொந்தம் என்று பார்க்க அரை நிமிடம் போதும். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கும் பழக்கமுள்ள சமூகத்துக்கு இது புதிய வேலையாக இராது.

6. 'இது நம்முடையது அன்று' என்பது வரலாற்றை மறந்த பேச்சு. ஆலைப் பியரும் தமிழருடையது அன்று. குடியேற்ற ஆட்சியின் கப்பலில் வந்தது. தமிழர் நிலத்துக்கு உரியது கள்ளு. காலையும் மாலையும் மரமேறி, பாளையைச் சீவி, முட்டியைக் கட்டி இறக்கும் சீவல் தொழிலாளியின் பனங்கள்ளு, மரத்துக்கு மரமும் பருவத்துக்குப் பருவமும் சுவை மாறும். யாழ்ப்பாணத்துத் தவறணைகளில் நல்ல கள்ளையும் கலப்படக் கள்ளையும் ஒரு வாயில் பிரித்தறிந்தவர்கள் இருந்தார்கள். எத்தனை விழுக்காடு என்று எவரும் அங்கே கேட்டதில்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளு தடைசெய்யப்பட்டு, 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கைக்குச் சென்றது. அங்கே கள்ளை அழித்தது சட்டமே அன்றி விலை அன்று என்பது உண்மை. விளைவோ ஒன்றுதான்: ஆலைகளின் சரக்கு மட்டுமே எஞ்சிய இடத்தில் குடிப்பவருக்குத் தெரிவு செய்ய மிஞ்சியது போதையின் அளவு மட்டுமே. லாச்சப்பலில் வழங்கும் விழுக்காட்டுக் கணக்கும் குடிப்பவரை அதே இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது, இங்கே அதற்குச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை.

இப்படிச் சுருங்கிய தெரிவு மீள முடியும் என்பதற்குப் பிரான்சே சான்று. அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த பியர் ஆலைகள் 1980களில் சில டசின்களாகச் சுருங்கின. இன்று இரண்டாயிரத்துக்கும் மேல். அவற்றை மீட்டவர்கள் கூடுதல் விலை கொடுக்க முன்வந்த சாதாரணக் குடிமக்கள். 2012இல் கூத் தோர் தெருவில் தொடங்கப்பட்ட ஆலை ஒன்று, மிரா, எர்னஸ்தீன், ஷாத்தோ ரூஜ் என்று அப்பகுதியின் தெருப்பெயர்களையும் இடப்பெயரையுமே தன் பியர்களுக்குச் சூட்டியது. புலம்பெயர்ந்தோர் நிறைந்த ஒரு குடியிருப்பின் பெயர் போத்தலில் ஏறியது அவ்வாறுதான்.

சுயாதீனச் சிற்றாலையில் காய்ச்சப்பட்ட 33 சென்ரிலீற்றர்ப் போத்தலுக்கு நான்கு அல்லது ஐந்து யூரோ நியாயமான விலை. குடிக்காதவர் இதை வாசித்துத் தொடங்க வேண்டியதில்லை. குடிப்பவர் வாரத்தில் குறைவாக வாங்கி, ஆலையின் பெயரைப் பார்த்து வாங்கலாம். ரூ பிலிப்-து-ஜிராரின் கடைக்காரர்கள் தங்கள் குளிர்பெட்டியில் உயர் விழுக்காட்டு ரின்கள் நிரம்பிய தட்டுகளுள் ஒன்றையாவது காலி செய்து, அயலில் காய்ச்சப்படும் பியருக்கு இடம் தர வேண்டும்.